எரிமலை பார்க்கப் போகும் முன்



மலை புகை விடுமா? விடும். சில மலைகள் நெருப்பையும் கக்கும். அவற்றை எரிமலை என்கிறோம். உலகில் பல நாடுகளில் எரிமலைகளைச் சுற்றித் தேசியப் பூங்காக்கள் அமைத்திருக்கிறார்கள். மக்கள் டிக்கெட் வாங்கி, வழிகாட்டியுடன் போய்ப் பார்த்து வருகிறார்கள்.

அப்படி ஒரு பயணத்துக்கு இந்தப் பாடத்தில் நாம் திட்டம் போடப் போகிறோம். இடம், இந்தோனேசியா நாட்டின் ஜாவா தீவு.

"அவ்வளவு தூரம் யார் போகப் போகிறார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். போக முடிந்தவர் போகலாம். போகாதவருக்கும் இந்தப் பாடம் உதவும். முன்பின் தெரியாத இடத்துக்கு, யாரையோ நம்பிப் போகிறோம். அப்போது என்ன கேட்க வேண்டும்? எதைப் படித்துப் பார்க்க வேண்டும்? எப்போது "வேண்டாம்" என்று சொல்ல வேண்டும்? இவை அருவிக்குப் போனாலும், காட்டுக்குப் போனாலும், மலைக்கோயிலுக்குப் போனாலும் தேவைப்படும்.

மெதுவாகப் படியுங்கள். ஊர்ப் பெயர்கள் புதியவை. எழுத்துக் கூட்டிப் படித்தால் வந்துவிடும்.

1. எரிமலை எப்படி உண்டாகிறது?

அடுப்பில் உலை கொதிக்கிறது. பானையை மூடி வைக்கிறோம். உள்ளே ஆவி சேருகிறது. மூடி தடதடவென்று ஆடுகிறது. கவனிக்காமல் விட்டால் பொங்கி வழிகிறது.

எரிமலையும் ஏறக்குறைய இப்படித்தான். பூமிக்கு அடியில் ஆழத்தில் பாறை உருகிக் குழம்பாக இருக்கும். அதில் நீராவியும் வேறு வாயுக்களும் கலந்திருக்கும். மேலே வர வழி கிடைத்தால் குழம்பு வழியும். வழி அடைத்திருந்தால் அழுத்தம் சேரும். ஒரு நாள் வெடிக்கும். கல்லும் சாம்பலும் பறக்கும்.

பாறை ஏன் உருகுகிறது? பூமியின் மேல் ஓடு ஒரே துண்டு இல்லை. பல பெரிய துண்டுகள் சேர்ந்தது. அந்தத் துண்டுகள் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான். நம் விரல் நகம் வளரும் வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜாவா தீவுக்குத் தெற்கே, கடலுக்கு அடியில், ஒரு துண்டு இன்னொரு துண்டின் கீழே புகுந்து போகிறது. போகும்போது நீரையும் கொண்டு போகிறது. ஆழத்தில் இருக்கும் சூடான பாறையில் அந்த நீர் சேருகிறது. நீர் சேர்ந்த பாறை எளிதில் உருகும். உருகிய பாறை மேலே ஏறுகிறது. அதனால்தான் ஜாவாவில் எரிமலைகள் வரிசையாக நிற்கின்றன.

இந்த வரிசை சுமத்ரா தீவு வழியாக நம் அந்தமான் கடல் வரை நீள்கிறது. அங்கே பாரன் தீவு என்று ஒரு சிறிய தீவு இருக்கிறது. இந்தியாவில் இன்றும் உயிரோடு இருக்கும் எரிமலை அது ஒன்றுதான். 150 ஆண்டுகளுக்கு மேல் அது தூங்கியது. 1991இல் விழித்துக்கொண்டது. 2017இலும் சாம்பலும் குழம்பும் கக்கியது. அந்தத் தீவில் மனிதர் யாரும் குடியிருக்கவில்லை.

ஜாவாவில் அப்படி இல்லை. அங்கே எரிமலையின் அடிவாரத்திலேயே ஊர்கள் இருக்கின்றன.

2. எங்கே போகிறோம்?

நாம் போகும் இடத்தின் பெயர் புரோமோ தெங்கர் செமேரு தேசியப் பூங்கா. ஜாவாவின் கிழக்குப் பகுதியில் இருக்கிறது. 1982இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். பரப்பு சுமார் 50,000 ஹெக்டேர். ஏக்கரில் சொன்னால் ஏறக்குறைய 1,24,000.

இந்த நீளமான பெயரில் மூன்று சொற்கள் இருக்கின்றன.

புரோமோ என்பது ஒரு எரிமலை. உயரம் 2,329 மீட்டர். பிரம்மா என்ற பெயரைத்தான் ஜாவா மக்கள் புரோமோ என்கிறார்கள்.

செமேரு இன்னொரு எரிமலை. உயரம் 3,676 மீட்டர். ஜாவாவில் இதுதான் மிக உயரமான மலை. நம் புராணங்களில் வரும் மேரு மலையின் பெயர்தான் இது.

தெங்கர் என்பது அங்கே வாழும் மக்களின் பெயர்.

மிகப் பழங்காலத்தில் அங்கே ஒரு பெரிய எரிமலை இருந்தது. அது வெடித்து, உச்சி உள்ளே சரிந்து விழுந்தது. மலை இருந்த இடம் ஒரு பெரிய கிண்ணம் போல் ஆகிவிட்டது. அந்தக் கிண்ணத்தின் அகலம் ஏறக்குறைய 10 கிலோமீட்டர். அதன் அடியில் எங்கு பார்த்தாலும் சாம்பல் நிற மணல். அதை மணல் கடல் என்கிறார்கள். 1919 முதல் அது பாதுகாக்கப்பட்ட இடம். அந்த மணல் கடலின் நடுவே பிறகு சில சிறிய எரிமலைகள் முளைத்தன. அவற்றில் ஒன்றுதான் புரோமோ. அதன் வாயிலிருந்து இன்றும் வெள்ளைப் புகை வருகிறது.

3. அங்கே வாழும் மக்கள்

இந்தோனேசியாவில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். தெங்கர் மக்களில் பெரும்பாலோர் இந்துக்கள். புரோமோவின் அடிவாரத்தில், மணல் கடலுக்குள், அவர்களுடைய கோயில் இருக்கிறது.

அவர்கள் விவசாயிகள். செங்குத்தான மலைச் சரிவுகளில் உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், வெங்காயத்தாள் பயிரிடுகிறார்கள். குளிருக்குத் தோளில் ஒரு கைலியைப் போர்த்திக்கொள்கிறார்கள். சிலர் சுற்றுலா வருபவர்களுக்கு ஜீப் ஓட்டுகிறார்கள். சிலர் குதிரை வைத்துப் பிழைக்கிறார்கள்.

ஆண்டுக்கு ஒரு முறை, கசடா என்ற மாதத்தின் முழுநிலவு நாளில், அவர்கள் பெரிய விழா எடுக்கிறார்கள். விளைந்த காய், கனி, தானியம், பூ, கோழி, ஆடு எல்லாவற்றையும் மலை மேல் சுமந்து போகிறார்கள். எரிமலையின் வாய்க்குள் காணிக்கையாகப் போடுகிறார்கள்.

இதற்கு ஒரு கதை சொல்கிறார்கள். ரோரோ ஆன்தெங் என்று ஒரு இளவரசி. அவள் கணவன் ஜோக்கோ செகெர். பல காலம் பிள்ளை இல்லை. மலையிடம் வேண்டினார்கள். மலைத் தெய்வம் வரம் தந்தது. "கடைசிப் பிள்ளையை எனக்குத் தர வேண்டும்" என்றும் கேட்டது. 25 பிள்ளைகள் பிறந்தார்கள். கடைசிப் பிள்ளையைக் கொடுக்கப் பெற்றோருக்கு மனம் வரவில்லை. எந்தத் தாய்க்குத்தான் வரும்? மலை சீறியது. ஊரைக் காப்பாற்ற அந்தக் கடைசிப் பிள்ளை நெருப்புக்குள் போனான். "ஆண்டுதோறும் காணிக்கை கொடுங்கள், ஊர் நன்றாக இருக்கும்" என்று அவன் குரல் கேட்டதாம். இளவரசி பெயரின் கடைசிப் பாதியும் கணவன் பெயரின் கடைசிப் பாதியும் சேர்ந்ததுதான் தெங்கர் என்ற பெயர்.

இது கதை. ஆனால் இதில் ஒரு உண்மை இருக்கிறது. மலை கொடுக்கவும் செய்கிறது, எடுக்கவும் செய்கிறது. எரிமலைச் சாம்பல் நாளடைவில் நல்ல உரமாகிறது. அந்த மண்ணில்தான் உருளைக்கிழங்கு விளைகிறது. அதே மலை உயிரையும் எடுத்திருக்கிறது. 2021 டிசம்பர் 4 அன்று செமேரு வெடித்தது. சூடான சாம்பலும் கல்லும் சரிவில் பாய்ந்து வந்தன. 50 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் மணல் அள்ளும் தொழிலாளர்களும் உண்டு. வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்பவில்லை.

நாம் வேடிக்கை பார்க்கப் போகும் இடம் இன்னொருவரின் வயல். இன்னொருவரின் கோயில். இதை மனதில் வைத்துக்கொண்டு திட்டம் போடுவோம்.

4. எப்போது போகலாம்?

அங்கே ஏறக்குறைய மே முதல் செப்டம்பர் வரை மழை குறைவு. வானம் தெளிவாக இருக்கும். மழைக்காலத்தில் மேகம் மூடிக்கொள்ளும். பாதையும் வழுக்கும்.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மழை குறைவு. ஆனால் குளிர் அதிகம். சில இரவுகளில் புல் மேல் பனி உறைந்து வெள்ளையாகக் கிடக்கும். வெப்பநாடு என்று நினைத்து மெல்லிய சட்டையோடு போனால் நடுங்க வேண்டியதுதான்.

கசடா விழாவின் தேதி நிலவைப் பார்த்து வருகிறது. ஆண்டுக்கு ஆண்டு மாறும். விழா நாட்களிலும் புனித நாட்களிலும் சுற்றுலாப் பயணிகளைத் தடுப்பது உண்டு. ஆகவே தேதி குறிக்கும் முன், "அந்த நாளில் பூங்கா திறந்திருக்குமா?" என்று கேளுங்கள்.

5. எப்படிப் போவது?

அருகில் உள்ள பெரிய நகரம் சுரபாயா. அங்கே விமான நிலையம் இருக்கிறது. அங்கிருந்து புரோபோலிங்கோ என்ற ஊருக்குச் சுமார் 100 கிலோமீட்டர். பேருந்தும் ரயிலும் உண்டு. பிறகு மலைப்பாதை. செமோரோ லாவாங் என்ற மலைக் கிராமத்துக்குப் போக வேண்டும். அந்தக் கிராமம் பெரிய கிண்ணத்தின் விளிம்பிலேயே இருக்கிறது. தங்கும் அறைகள் உண்டு.

அங்கிருந்து மணல் கடலைக் கடக்க ஜீப் வேண்டும். சாதாரணக் கார் மணலில் புதைந்துவிடும்.

வெளிநாட்டுப் பயணம் என்பதால் பாஸ்போர்ட் வேண்டும். நாம் அங்கே போய் இறங்கும் நாளிலிருந்து குறைந்தது 6 மாதம் அது செல்லுபடியாக வேண்டும். பாஸ்போர்ட்டை எடுங்கள். முடியும் தேதியை நீங்களே படித்துப் பாருங்கள். விசாவும் வேண்டும்.

பூங்காவில் ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று அளவு வைத்திருக்கிறார்கள். எனவே டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். வெளிநாட்டவருக்குக் கட்டணம் அதிகம்.

6. வழிகாட்டி எதற்கு?

"வழி தெரியாமலா போவோம்? ஜீப்காரர் இருக்கிறாரே!" என்று சிலர் சொல்வார்கள்.

மணல் கடலில் விடியற்காலையில் மூடுபனி இறங்கும். பத்தடி தூரத்தில் நிற்பவர் தெரியமாட்டார். அங்கே அடையாளம் சொல்ல மரம் இல்லை, வீடு இல்லை. அந்த ஊர் வழிகாட்டிக்கு அந்த இடம் பழக்கம்.

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அவர் பார்ப்பார். புகை வரும் பக்கம் நிற்கக்கூடாது. அந்தப் புகையில் கந்தக வாயு இருக்கும். தீக்குச்சி உரசும்போது மூக்கில் ஏறும் நெடி தெரியுமல்லவா? அதுபோல் பல மடங்கு. இருமல் வரும், கண் எரியும். ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுத் திணறும்.

எரிமலையைக் கண்காணிக்கும் அலுவலகம் சொல்லும் எச்சரிக்கை வழிகாட்டிக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஊர்ப் பேச்சு நமக்குப் புரியாது. அதை நமக்குச் சொல்வதும் அவர் வேலை.

நல்ல வழிகாட்டி எப்படி இருப்பார்? அவர் "போகலாம், போகலாம்" என்று மட்டும் சொல்லமாட்டார். "இன்று போக வேண்டாம்" என்றும் சொல்வார்.

7. பணம் கட்டும் முன் பேசும் பேச்சு

பயணம் ஏற்பாடு செய்பவரின் அலுவலகத்தில் ஒரு பெண் பேசுகிறார். இருவர் சேர்ந்து இதை உரக்கப் படியுங்கள்.

ஏற்பாட்டாளர்: வாங்கம்மா, உட்காருங்க. ஜாவா பயணம்தானே? எல்லாம் நாங்க பாத்துக்கறோம். நீங்க பணம் கட்டினாப் போதும்.

பயணி: கட்டறோம் சார். அதுக்கு முன்னாடி சில விவரம் கேக்கணும். மலை சீற ஆரம்பிச்சா என்ன செய்வீங்க?

ஏற்பாட்டாளர்: அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா. எத்தனை பேரைக் கூட்டிட்டுப் போயிருக்கோம்!

பயணி: அது சரி சார். பூங்காவை மூடிட்டா பணம் திரும்பி வருமா?

ஏற்பாட்டாளர்: பாதி வரும்.

பயணி: அது இந்தத் தாள்ல எங்க இருக்கு? நான் ரெண்டு தடவை படிச்சேன். காணோமே.

ஏற்பாட்டாளர்: வாய்ச்சொல்லுதாம்மா. நம்புங்க.

பயணி: நம்பறேன் சார். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடுங்க. இன்னொண்ணு. எங்க மாமியாருக்கு ஆஸ்துமா. அவங்க மேல ஏற வேண்டாம்னா, கீழ கூட யாரு இருப்பாங்க?

ஏற்பாட்டாளர்: ஜீப் டிரைவர் இருப்பார்.

பயணி: அதையும் எழுதிடுங்க. வழிகாட்டி எந்த ஊர்க்காரர்? உரிமம் இருக்கா?

ஏற்பாட்டாளர்: இருக்கும்மா. நகல் வாங்கித் தர்றேன். இவ்வளவு கேள்வி இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை.

பயணி: நாங்க போயிட்டுத் திரும்பி வரணும் இல்ல சார்?

இந்தப் பெண் சண்டை போடவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. தாளைப் படித்தார். இல்லாததைக் கேட்டார். எழுதி வாங்கினார்.

8. நான்கு நிலைகள்

இந்தோனேசியாவில் எரிமலைகளைக் கண்காணிக்க அரசு அலுவலகம் இருக்கிறது. நிலம் அதிர்வதைக் கருவி வைத்து அளக்கிறார்கள். புகையையும் பார்க்கிறார்கள். பிறகு ஒவ்வொரு எரிமலைக்கும் ஒரு எண் கொடுக்கிறார்கள்.

நிலை 1: இயல்பாக இருக்கிறது.
நிலை 2: கவனம் தேவை.
நிலை 3: தயாராக இருங்கள்.
நிலை 4: பேராபத்து.

எண் கூடினால் ஆபத்தும் கூடுகிறது. எத்தனை கிலோமீட்டருக்குள் போகக்கூடாது என்றும் அறிவிப்பார்கள். புரோமோ நிலை 2இல் இருக்கும்போதே, "வாயிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் போக வேண்டாம்" என்று அறிவித்தது உண்டு. அப்படி என்றால் படி ஏறி வாயை எட்டிப் பார்க்க முடியாது. எதிரே உள்ள மலையிலிருந்துதான் பார்க்க வேண்டும். அதுவும் நல்ல காட்சிதான்.

நிலை 1 என்றால் ஆபத்தே இல்லை என்று பொருள் இல்லை. எரிமலை சில சமயம் முன்னறிவிப்பு இல்லாமலும் வெடிக்கும். 2004 ஜூன் 8 அன்று புரோமோ திடீரென வெடித்தது. கற்கள் பறந்து வந்து விழுந்தன. இருவர் இறந்தார்கள்.

பயணத்துக்கு ஒரு வாரம் முன் நிலை என்ன என்று கேளுங்கள். முதல் நாள் மாலை கேளுங்கள். கிளம்பும் காலையிலும் கேளுங்கள். நேற்றைய பதில் இன்றைக்குச் செல்லாது.

9. செலவுக் கணக்கு

அந்த நாட்டுப் பணத்தின் பெயர் ரூப்பியா. நம் ஒரு ரூபாய்க்கு அங்கே நூறு ரூப்பியாவுக்கு மேல் கிடைக்கும். அதனால் விலைகள் லட்சத்தில் இருக்கும். பயந்துவிடாதீர்கள். பூஜ்யங்களைக் கவனமாக எண்ணுங்கள். 10,000 தாளுக்குப் பதில் 1,00,000 தாளைக் கொடுத்துவிட்டால் நமக்குத்தான் இழப்பு.

ஒரு கணக்குப் போடுவோம். இது பழகுவதற்கான கணக்கு. உண்மை விலையை நீங்கள் விசாரிக்க வேண்டும்.

ஒரு ஜீப்பின் வாடகை 6,00,000 ரூப்பியா என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேர் ஏறுகிறார்கள். ஒருவர் பங்கு எவ்வளவு? 6,00,000 ÷ 5 = 1,20,000 ரூப்பியா.

செலவுப் பட்டியலில் இவை இருக்க வேண்டும்: விமானம், விசா, பேருந்து, அறை, சாப்பாடு, பூங்கா டிக்கெட், ஜீப், வழிகாட்டி, குதிரை. கடைசியில் இன்னொன்றும் வேண்டும். ஒரு நாள் கூடுதலாகத் தங்குவதற்கான பணம். சாம்பல் பறந்தால் விமானம் ஓடாது. காத்திருக்கக் கையில் காசு வேண்டும். காசு இல்லை என்ற அவசரத்தில் யாரும் ஆபத்தான முடிவு எடுக்கக்கூடாது.

10. மூட்டையில் என்ன?

ஸ்வெட்டர், குல்லாய், கையுறை.
கால் முழுதும் மூடும் காலணி. செருப்பு வேண்டாம்.
மூக்கையும் வாயையும் மூட மாஸ்க். மணல் புழுதிக்கும் இது உதவும்.
டார்ச் விளக்கு.
தண்ணீர்.
தினமும் சாப்பிடும் மருந்து, மருந்துச் சீட்டோடு.
பாஸ்போர்ட் நகல்.
வழிகாட்டி, தங்கும் இடம், வீட்டார் ஆகியோரின் தொலைபேசி எண்கள். இவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். செல்போன் குளிரில் அணைந்துபோனாலும் தாள் கையில் இருக்கும்.

இதயநோய், ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் பயணத்துக்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

11. அந்த ஒரு நாள்

அதிகாலை 3 மணி: எழுந்து தயாராக வேண்டும். மலையின் நிலையை வழிகாட்டியிடம் கேட்க வேண்டும். பிறகு ஜீப்பில் பெனாஞ்சக்கான் என்ற மலைக்கு. உயரம் 2,770 மீட்டர்.

அதிகாலை 5 மணி: கிழக்கு வெளுக்கும். கீழே மூடுபனி பால் போல் பரந்திருக்கும். நடுவே புரோமோ புகையும். தூரத்தில் செமேரு கூம்பாக நிற்கும்.

காலை 6 மணிக்கு மேல்: ஜீப் மணல் கடலில் இறங்கும். கோயிலைத் தாண்டி நடக்கலாம். முடியாதவர் குதிரையில் போகலாம். ஏறும் முன் கூலியைப் பேசிக்கொள்ளுங்கள். போக மட்டுமா, திரும்பவும் சேர்த்தா என்று கேளுங்கள்.

மேலே போக அனுமதி இருந்தால்: சுமார் 250 படிகள். மெதுவாக ஏறுங்கள். மேலே விளிம்பு குறுகலானது. தடுப்பு எல்லா இடத்திலும் இல்லை. தடுப்பைத் தாண்டாதீர்கள். படம் எடுக்கப் பின்னால் நகராதீர்கள். வேடிக்கைக்காக நெடுநேரம் நிற்க வேண்டாம். "இறங்கலாம்" என்று வழிகாட்டி சொன்னால் உடனே இறங்க வேண்டும்.

அந்த மலையில் கோயிலில் நடப்பது போல் நடந்துகொள்ளுங்கள். காணிக்கையைத் தொடாதீர்கள். பூசையில் இருப்பவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

12. ஒரு படத்துக்காக

2023 செப்டம்பர் 6. இதே பூங்காவின் புல்வெளியில் திருமணத்துக்கு முந்தைய படம் எடுக்க ஒரு குழு வந்தது. படம் அழகாக வர வேண்டும் என்று மத்தாப்பு போன்ற புகைக்குச்சியைக் கொளுத்தினார்கள். மழை இல்லாத காலம். புல் காய்ந்து கிடந்தது. தீ பற்றியது. காற்று அதைத் தூக்கிப் போனது.

நூற்றுக்கணக்கான ஹெக்டேர் எரிந்தது. பூங்காவை மூடினார்கள். செப்டம்பர் 19 அன்றுதான் திறந்தார்கள். அத்தனை நாளும் ஜீப் ஓட்டுபவருக்கும் குதிரைக்காரருக்கும் பிழைப்பு இல்லை. மலையிலிருந்து ஊர்களுக்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாய்களும் எரிந்தன. குடிநீருக்கு மக்கள் தவித்தார்கள். படம் எடுக்க ஏற்பாடு செய்தவருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது.

படம் எடுக்க வந்தவர்கள் கெடுக்க வேண்டும் என்று வரவில்லை. அனுமதியும் கேட்கவில்லை. காய்ந்த புல்லையும் பார்க்கவில்லை.

13. இன்னொரு தீவில்

நியூசிலாந்து நாட்டில் வக்காரி என்று ஒரு எரிமலைத் தீவு. வெள்ளைத் தீவு என்றும் பெயர். வழிகாட்டிகள் பயணிகளைப் படகில் கூட்டிப் போய்க் காட்டுவார்கள். 2019 நவம்பரில் அறிவியலாளர்கள் அந்த மலையின் எச்சரிக்கை எண்ணை 1இலிருந்து 2க்கு உயர்த்தினார்கள். ஆனாலும் பயணங்கள் நிற்கவில்லை.

2019 டிசம்பர் 9 அன்று எரிமலை வெடித்தது. அப்போது தீவில் 47 பேர் இருந்தார்கள். 22 பேர் இறந்தார்கள். மற்றவர்களில் பலருக்குக் கடுமையான தீக்காயம். இறந்தவர்களில் வழிகாட்டிகளும் உண்டு. பிறகு வழக்கு நடந்தது. தீவுக்குள் போகும் சுற்றுலா நின்றது.

வழிகாட்டி உடன் இருந்தார்கள். டிக்கெட் இருந்தது. எச்சரிக்கை எண்ணும் இருந்தது. அந்த எண்ணின் பொருள் போனவர் எல்லோருக்கும் தெளிவாகத் தெரிந்திருந்ததா? இதுதான் பிறகு எழுந்த பெரிய கேள்வி.

ஆகவே நண்பர்களே, வழிகாட்டியை மதியுங்கள். அவர் "நில்" என்றால் நில்லுங்கள். அவர் "வா" என்றாலும், பலகை "போகாதே" என்றால் பலகையை நம்புங்கள். பணம் கட்டிவிட்டோமே என்று போகாதீர்கள். போன பணத்தை உழைத்துச் சம்பாதிக்கலாம்.

எழுத்து தெரியாத காலத்தில் பலகையைக் கடந்து போயிருப்போம். பிறர் சொன்னதுதான் நமக்குச் செய்தி. இப்போது நாமே படிக்கலாம். புரியாத மொழியில் இருந்தால் "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று நின்று கேட்கலாம். கூட வருபவர் படிக்கத் தெரியாதவர் என்றால் அவருக்குப் படித்துச் சொல்லலாம்.

சொல்லும் பொருளும்

எரிமலை வாய்: மலை உச்சியில் புகை வரும் பெரிய பள்ளம்.
கந்தகம்: மஞ்சள் நிறக் கனிமம். எரிந்தால் நெடி வரும்.
உரிமம்: ஒரு வேலையைச் செய்ய அரசு தரும் அனுமதித் தாள்.
விளிம்பு: ஓரம்.
காணிக்கை: தெய்வத்துக்குக் கொடுப்பது.

பேசுவோம்

1. எரிமலை ஆபத்தானது என்று தெரிந்தும் தெங்கர் மக்கள் ஏன் அங்கேயே வாழ்கிறார்கள்?
2. ஏற்பாட்டாளரிடம் பேசிய பெண் கேட்ட கேள்விகளில் எது முக்கியமானது? ஏன்?
3. உங்கள் ஊருக்கு வெளியூர் மக்கள் வேடிக்கை பார்க்க வந்தால், அவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று விரும்புவீர்கள்?

கணக்குப் போடுவோம்

1. ஜீப் வாடகை 6,00,000 ரூப்பியா. நான்கு பேர் மட்டும் வந்தால் ஒருவர் பங்கு எவ்வளவு?
2. செமேருவின் உயரம் 3,676 மீட்டர். புரோமோவின் உயரம் 2,329 மீட்டர். எது உயரம்? எவ்வளவு அதிகம்?

எழுதுவோம்

நீங்கள் அடுத்துப் போக விரும்பும் ஓர் இடத்துக்கு இதை நிரப்புங்கள்.

போகும் இடம்: ....................
போகும் தேதி: ....................
அந்த நாளில் திறந்திருக்குமா? ....................
கூட வருபவர்கள்: ....................
அவர்களில் நோய் உள்ளவர் யார்? என்ன மருந்து? ....................
அழைத்துப் போகிறவர் பெயர், தொலைபேசி எண்: ....................
நாம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்:
1. ....................
2. ....................
3. ....................
எந்த நிலையில் திரும்பிவிட வேண்டும்? ....................

எழுதிய தாளை வீட்டில் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று அவர்களுக்கும் தெரியட்டும்.